வினாக் கேட்கும் பிள்ளைகள்

நம்மவர் இருவர் ஓரிடத்தில் சந்தித்துப் பேசத் தொடங்கினால், விலைவாசி, வீட்டு வாடகை, ஊருக்குப் போகும் ரயில் ஆகியவற்றையெல்லாம் கடந்து, பேச்சு முடிவில் பிள்ளைகளின் படிப்பிலே வந்து நிற்பது வழக்கம். "எங்கள் பையன் நல்ல மதிப்பெண் வாங்குகிறான், ஆனால் பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு கேள்வி கேட்டால் விழிக்கிறான்" என்று ஒருவர் குறைப்படுவார். "எங்கள் பெண்ணுக்குத் தெலுங்கும் ஆங்கிலமும் தண்ணீர் பட்ட பாடு, தமிழ் எழுத்துத்தான் தெரியவில்லை" என்று மற்றவர் பெருமூச்சு விடுவார். இவை வெவ்வேறு நோய்கள் போலத் தோன்றினும், இரண்டுக்கும் ஏற்ற மருந்து ஒன்று உண்டு என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம். பிள்ளைகள் தாமே கூடி, தாமே ஒரு நூலைத் தேர்ந்து படித்து, தாமே அதைப் பற்றி விவாதிப்பதுதான் அந்த மருந்து.

சித்தூரும் திருப்பதியும் தமிழுக்கு அந்நிய மண் அல்ல. 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பெற்றபோது, வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் எடுத்த பகுதிகளைக் கொண்டே அது உருவாயிற்று. 1960 ஏப்ரல் முதல் நாளன்று எல்லை திருத்தப்பெற்றபோது, திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. சத்தியவேடு ஆந்திரத்துக்கு வந்தது. 2022ஆம் ஆண்டில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. வரைபடத்தில் கோடுகள் மாறினவே தவிர, நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் முதலிய ஊர்களில் தமிழ்க் குரல் ஓய்ந்துவிடவில்லை. பிழைப்பை நாடிப் பின்னர் வந்து குடியேறிய நம் குடும்பங்களும் வீட்டிலே தமிழ்தான் பேசுகின்றன. ஆகவே பேச்சுக்குக் குறைவில்லை, படிப்புக்குத்தான் குறைவு. காதால் மட்டும் கேட்ட மொழி ஒரு தலைமுறை நிற்கும். கண்ணால் படித்துக் கருத்தால் அசைபோடாத மொழி அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேராது. இதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

நன்னூல் போட்ட கணக்கு

பிள்ளைகள் கூடிப் பேசிக் கற்பது ஏதோ புதிய நாகரிகம் என்று எண்ண வேண்டுவதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கங்கர் குலத்துச் சீயகங்கன் வேண்டுகோளுக்கு இணங்கிப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், மாணாக்கன் கற்கும் முறையைப் பற்றி ஒரு கணக்குப் போடுகிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு கருத்தூன்றிக் கேட்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது கால் பங்குதானாம். உடன் கற்பவரோடு பழகிப் பயில்வதால் மற்றொரு கால் பங்கு வந்து சேரும். தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப் பங்கும் நிறையும்.

இந்தக் கணக்கை நம் வீட்டு நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலையில் பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன், இரவில் வீட்டுப்பாடம். எல்லாவற்றிலும் பெரியவர் ஒருவர் சொல்ல, பிள்ளை கேட்கிறது. கால் பங்கையே மூன்று வேளையும் ஊட்டிவிட்டு, முக்கால் பங்குக்கு நாம் இடமே வைப்பதில்லை. பிறகு பிள்ளைக்குச் சொந்தமாகச் சிந்திக்கத் தெரியவில்லை என்று வருந்துகிறோம்!

கும்பகோணத்தில் கேட்ட ஒரு கேள்வி

உடன் படிப்பவர் கேட்கும் கேள்வி என்ன செய்யும் என்பதற்கு நம் இலக்கிய வரலாற்றிலேயே சிறந்த சான்று உண்டு. 1880ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பல ஆண்டுகள் பாடங்கேட்டவர் அவர். அவ்வாண்டின் அக்டோபரில், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டு பேசச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார். ஐயரவர்கள் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று தாம் படித்த நூல்களை அடுக்கிச் சொன்னார். முதலியார் வியப்படையவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா, மணிமேகலையைப் படித்ததுண்டா என்று மேலும் கேட்டார். ஐயரிடம் விடை இல்லை.

அதன்பின் நடந்ததுதான் நாம் கவனிக்கத்தக்கது. முதலியார் அவருக்குப் பாடம் சொல்ல முற்படவில்லை. சிந்தாமணிப் பிரதி ஒன்றைக் கொடுத்தார். இருவரும் கூடி அமர்ந்து படித்தார்கள். பொருள் விளங்காத இடங்களில் ஐயரவர்கள் கும்பகோணத்துச் சமண அன்பர்களை நாடிச் சென்று ஐயம் தெளிந்தார். ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1887இல், சீவக சிந்தாமணி அவருடைய பதிப்பாக அச்சில் வெளிவந்தது. ஒருவர் கேட்ட கேள்வி, இருவர் கூடிய வாசிப்பு, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை ஆகிய இம்மூன்றும் சேர்ந்து தமிழுக்குப் பெருஞ்செல்வத்தை மீட்டுத் தந்தன.

மதனப்பள்ளிக்கு அருகே

பழங்கதையோடு நிற்க வேண்டாம். நன்னூலார் சொன்னதை நம் காலத்தில் செய்து காட்டியவர்கள் நமக்கு அண்மையிலேயே இருக்கிறார்கள். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்து, 2022இல் பிரிந்துபோன மதனப்பள்ளி, 1895ஆம் ஆண்டில் ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர். அதன் அருகே 1926ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ரிஷிவேலிப் பள்ளியைப் பலரும் அறிவர். கிருஷ்ணமூர்த்தி அங்கு வரும்போதெல்லாம் மாணவரோடு அமர்ந்து உரையாடுவார். தாம் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம், ஆராய்ந்து பாருங்கள் என்பதே அவர் வற்புறுத்திய செய்தி. அவ்வுரையாடல்கள் சில 1974ஆம் ஆண்டில் ஆங்கில நூலாகவும் வந்தன.

ரிஷிவேலி கட்டணம் செலுத்தி விடுதியில் தங்கிப் படிக்கும் பள்ளி. எல்லோருக்கும் எட்டுவதன்று என்று சிலர் கூறக்கூடும். உண்மைதான். ஆனால் அதே வளாகத்திலிருந்து, சுற்றியுள்ள சிற்றூர்களின் ஏழைப் பிள்ளைகளுக்காக வேறொரு முயற்சி எழுந்தது. 1980களின் பிற்பகுதியில் பத்மநாப ராவ், ரமா என்னும் தம்பதியர் அதனை உருவாக்கினர். ஒரே ஆசிரியர், ஒரே அறை, பல வகுப்புப் பிள்ளைகள் என்ற நிலையில் உள்ள சிற்றூர்ப் பள்ளியில் எப்படிக் கற்பிப்பது? பாடங்களைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்தார்கள். அவற்றை ஏணிப்படிகள் போல் வரிசைப்படுத்திச் சுவரில் காட்டினார்கள். தான் எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்த அட்டை எது என்பதைப் பிள்ளையே பார்த்து எடுத்துக்கொள்ளும். சில அட்டைகளுக்கு ஆசிரியர் துணை வேண்டும். சிலவற்றுக்குத் தோழர் துணை போதும். சிலவற்றைப் பிள்ளை தானே செய்யும். முன்னே சென்ற பிள்ளை பின்னே வரும் பிள்ளைக்குக் கைகொடுக்கும்.

இம்முறை எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்கும் வந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 2003ஆம் ஆண்டில் தொடங்கி, 2007–08ஆம் கல்வியாண்டில் தமிழகம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் பரவியது. பின்னர்த் திட்டங்கள் மாறின. எனினும் அம்முறை உணர்த்திய உண்மை மாறவில்லை. ஆறு வயதுப் பிள்ளைகூடத் தன் படிப்பைத் தானே நடத்திக்கொள்ளும். உடன் இருக்கும் பிள்ளையிடம் கற்றுக்கொள்ளும். பெரியவர்கள் அதற்கு இடம் விட்டால் போதும்.

கடல் கடந்த நாட்டிலும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பலின்சர், பிரௌன் என்னும் இரு பெண் ஆய்வாளர்கள் 1984ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தும் பொருள் விளங்காது திணறிய ஏழாம் வகுப்பு மாணவர்களை அவர்கள் சிறு குழுக்களாக அமர்த்தினார்கள். ஒவ்வொரு மாணவரும் முறை வைத்து ஆசிரியர் இடத்தில் அமர வேண்டும். படித்த பகுதியைப் பற்றிக் கேள்வி கேட்பது, அதைச் சுருக்கிச் சொல்வது, விளங்காததைத் தெளிவுபடுத்துவது, மேலே என்ன வரும் என்று ஊகிப்பது ஆகிய நான்கும் அவர்கள் செய்ய வேண்டியவை. ஏறக்குறைய இருபது நாள் பயிற்சியிலேயே படித்துப் பொருள் கொள்ளும் திறன் கண்கூடாக உயர்ந்தது; சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. மதிப்பெண் குறைந்துவிடுமோ என்று அஞ்சும் பெற்றோர் இதை மனத்தில் கொள்ளலாம். வினாத்தாளில் வருவதும் படித்துப் பொருள் கொள்ள வேண்டிய பகுதிகள்தாமே!

மொட்டை மாடியில் கண்டது

இவற்றையெல்லாம் படித்தறிந்த நாம், திருப்பதியில் நம் குடும்பங்கள் சில அடுத்தடுத்து வாழும் ஒரு தெருவில், கோடை விடுமுறையில் ஒரு முயற்சி செய்து பார்த்தோம். பத்து வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள ஏழு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு வீட்டு மொட்டை மாடி.

முதல் இரண்டு வாரமும் முயற்சி தோற்றது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பிழை பிள்ளைகளுடையதன்று, நம்முடையது. கதையைப் படித்து முடித்ததும், "இக்கதையால் நீங்கள் அறியும் நீதி யாது?" என்று நாமே கேட்டோம். ஒரு பிள்ளை மெல்லிய குரலில் ஏதோ சொல்லிற்று. நாம் அதைத் திருத்தினோம். பிறகு நாமே கால் மணி நேரம் விளக்கினோம். பிள்ளைகள் கைகட்டி அமர்ந்திருந்தார்கள். மற்றொரு பள்ளிக்கூடத்தை மாடியில் ஏற்றிவைத்தோம் என்பதைத் தவிர வேறு பயன் ஒன்றும் விளையவில்லை.

மூன்றாம் வாரம், வாய் திறப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டு, நாம் மாடிப்படியருகே தள்ளி அமர்ந்தோம். அன்று பிள்ளைகள் தாமே தேர்ந்த கதை, தமிழரும் தெலுங்கரும் ஒருங்கே உரிமை கொண்டாடும் தெனாலிராமன் கதை. காளி இரு கிண்ணங்களை நீட்டுகிறாள். ஒன்றில் கல்வி, மற்றொன்றில் செல்வம். ஒன்றை மட்டும் குடிக்கச் சொல்கிறாள். இராமன் இரண்டையும் குடித்துவிடுகிறான். நாம் அறிந்த கதைதான். அன்றைய தலைவியான பதின்மூன்று வயதுப் பெண் தன் குறிப்பேட்டைப் பிரித்து, "அவன் செய்தது சாமர்த்தியமா, திருட்டா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான், மாடி கலகலத்தது. ஒன்றை மட்டும் குடி என்று சொல்லியிருக்க, இரண்டையும் குடித்தது சொல் மீறியது என்றான் ஒருவன். இரண்டு கிண்ணத்தையும் அவன் கையிலே கொடுத்தவள் காளிதானே, அவளுக்குத் தெரியாதா என்றாள் மற்றொருத்தி. கல்வியை மட்டும் குடித்துவிட்டுப் பட்டினி கிடக்கச் சொல்கிறாயா என்று இன்னொருவன் சண்டைக்கு வந்தான். கதையில் காளி என்னதான் சொன்னாள் என்று பார்க்க, புத்தகத்தைப் பிடுங்கிப் பிடுங்கிப் படித்தார்கள். தமிழ் எழுத்துச் சரியாகத் தெரியாத ஒரு சிறுவனும், தன் கட்சியை நிலைநாட்டுவதற்காக, அந்தப் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தான். 'படி, படி' என்று ஓராண்டாக அவன் தாயார் கெஞ்சியும் நடவாத காரியம் அது.

முடிவில், அதுவரை பேசாதிருந்த பத்து வயதுப் பெண் ஒருத்தி, "நாம் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் வைத்திருக்கிறோமே, நமக்கும் இரண்டு கிண்ணந்தானே? ஒன்றைக் கொட்டிவிட வேண்டுமா?" என்று கேட்டாள். நாம் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்போம் என்று தெரியவில்லை.

எவ்வாறு தொடங்குவது?

இதற்குப் பெரிய மண்டபமும் வேண்டாம். பெரும் பொருளும் வேண்டாம். ஐந்து முதல் ஏழு பிள்ளைகள் போதும். கூட்டம் பெருகினால் வாயாடிகள் பேச, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டு மூன்று நூல்களை நாம் எடுத்து வைக்கலாம். அவற்றுள் எதைப் படிப்பது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு நூல் என்பது அளவான ஓட்டம். தலைமை முறைவைத்து எல்லோருக்கும் வர வேண்டும்.

கூட்டத்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு குறிப்பேட்டில் மூன்று செய்திகளை எழுதி வரட்டும்: தனக்கு உண்மையாகவே எழுந்த ஒரு கேள்வி, திரும்பப் படிக்கத் தூண்டிய ஓரிடம், பக்க எண்ணுடன், பொருள் தெரியாத ஒரு சொல். கூட்டம் கலையும்முன் ஐந்து நிமிடம் எல்லோரும் மௌனமாக அமர்ந்து, 'முன்பு இப்படி எண்ணினேன். இப்போது இப்படி எண்ணுகிறேன்' என்று இரண்டு வரி எழுதட்டும். கருத்து மாறாவிட்டாலும் குற்றமில்லை. ஏன் மாறவில்லை என்பதை எழுதினால் போதும். தன் எண்ணத்தைத் தானே திரும்பிப் பார்க்கும் பழக்கம் இந்த இரண்டு வரியிலேதான் பிறக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அமெரிக்கப் பள்ளிகளில் இத்தகைய இலக்கிய வட்டங்களைப் பரப்பியவர்களுள் ஒருவர் ஹார்வி டேனியல்ஸ். 1994இல் அவர் எழுதிய நூலில், 'நீ கேள்வி கேட்பவன், நீ படம் வரைபவன், நீ சொற்பொருள் தேடுபவன்' என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலைத்தாள் கொடுக்கும் முறையை விளக்கியிருந்தார். சில ஆண்டுகளில், பல வகுப்புகளில் பிள்ளைகள் தாளை நிரப்புவதையே வேலையாகக் கொண்டு, உரையாடலை மறந்துவிட்டார்கள் என்பதை அவரே கண்டார். 2002இல் வந்த மறுபதிப்பில் அத்தாள்களை அளவோடு கையாளும்படி அறிவுறுத்தினார். ஆகவே, நாம் சொன்ன மூன்று குறிப்புகளும் ஊன்றுகோல்களே. பேச்சு தானே நடக்கத் தொடங்கியதும் கோலைக் கீழே வைத்துவிடலாம்.

நூல்களுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். 1957இல் நிறுவப்பெற்ற நேஷனல் புக் டிரஸ்ட் சிறுவர் நூல்களைப் பல இந்திய மொழிகளில் வெளியிட்டு வருகிறது. 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் சிறு கதை நூல்களும் தமிழிலும் தெலுங்கிலும் கிடைக்கின்றன. இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஒரே கதையை ஒரு பிள்ளை தமிழிலும் அடுத்த வீட்டுத் தெலுங்குப் பிள்ளை தெலுங்கிலும் படித்துவிட்டு ஒன்றாக அமர்ந்து பேசலாம். 'இந்தச் சொல்லை உங்கள் புத்தகத்தில் எப்படிப் போட்டிருக்கிறது?' என்று அவர்கள் ஒப்பிடத் தொடங்கினால், அதைவிட நல்ல மொழிப்பாடம் வேறு இல்லை. தமிழகப் பள்ளிகளில் 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்துக்காக, 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளாக வகுத்துச் சிறு நூல்கள் அச்சிட்டிருக்கிறார்கள். இப்போதுதான் எழுத்துக்கூட்டத் தொடங்கும் நம் பிள்ளைகளுக்கு இத்தகைய படிமுறை நூல்கள் மிகவும் ஏற்றவை. எழுத்தே தெரியாத பிள்ளைக்குப் பாட்டியோ அண்ணனோ உரக்கப் படித்துக் காட்டட்டும். பேச்சில் தெலுங்கு கலந்தால் முகஞ்சுளிக்க வேண்டாம். எண்ணம் முதலில் வரட்டும். சொல் பின்னால் வந்து சேரும்.

பெற்றோருக்கு ஒரு சொல்

இம்முறையில் பெற்றோருக்கு இரண்டு அச்சங்கள் எழலாம். முதலாவது, பிள்ளைகள் தவறான கருத்துக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்பது. வரத்தான் செய்வார்கள், அடுத்த பிள்ளை அதை மறுக்கும், மறுக்காவிட்டால் அடுத்த நூல் மறுக்கும். பொறுத்திருப்போமாக.

இரண்டாவது, கேள்வி கேட்கப் பழகிய பிள்ளை பெரியோரையும் மரபையும் மதியாமற் போய்விடுமோ என்பது. இதற்கு விடை திருப்பதியிலேயே இருக்கிறது. 1888இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், 1896 முதல் 1900 வரை திருப்பதி மிஷன் பள்ளியில் படித்தார். மிஷன் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இந்து சமயத்தின் மீது எழுப்பப்பெற்ற கண்டனங்கள் அவர் உள்ளத்தைத் தைத்தன. அவற்றுக்கு அவர் செவியை மூடிக்கொள்ளவில்லை, ஆத்திரப்படவும் இல்லை. உண்மை என்னவென்று அறிய மூல நூல்களுக்கே சென்றார். 1908இல் முதுகலைப் பட்டத்துக்காக வேதாந்தத்தின் ஒழுக்கநெறி பற்றி ஆய்வுரை எழுதினார். கடுமையான கேள்வி அவரை மரபிலிருந்து விலக்கவில்லை. மரபை ஆழ்ந்து கற்கவே தூண்டியது. கேள்வி கேட்கும் பிள்ளைக்குத்தான் தன் முன்னோர் எழுதிவைத்ததைப் படிக்க வேண்டிய தேவை உண்டாகிறது.

ஊரை விட்டு வந்த நாம் பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கலாம். கட்டணம் செலுத்திப் படிக்க வைக்கலாம். ஆனால் நாளை அவர்கள் எந்த ஊருக்குப் போவார்கள், எந்தத் தொழில் செய்வார்கள் என்பது நமக்குத் தெரியாது. எந்த ஊரிலும் எந்தத் தொழிலிலும் கைவிடாத துணை, தானே படித்துத் தானே சிந்திக்கும் பழக்கம். வீட்டு மொழியிலேயே அது வாய்க்குமானால், மொழியும் உடன் பிழைத்துக்கொள்ளும்.

ஆகவே நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இதுவே. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் ஐந்து பிள்ளைகளைக் கூட்டுங்கள். ஒரு நல்ல தமிழ் நூலை நடுவில் வையுங்கள். குடிக்கத் தண்ணீரும் கொறிக்கக் கொஞ்சம் பொரியும் கொடுங்கள். பின்னர் நீங்கள் சற்றுத் தள்ளி அமர்ந்து, ஒரு மணி நேரம் பேசாதிருங்கள். பழக்கமில்லாத நமக்கு அது கடினமான காரியந்தான். ஆயினும், அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் பிள்ளை கேட்கும் முதல் கேள்வியைக் கேட்டு மகிழும் பேறு உங்களுக்குக் கிட்டட்டும்.